தும்பைக்குத் தண்டு சதுரம்

ராணியம்மாள் தேங்காய் நாரை மடித்துப் பிடித்துக்கொண்டு, அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கிற மாதிரி அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சீயக்காய் நுரைத்து வழிந்தது. கட்டைவிரல் நுனியிலும் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலின் பக்கவாட்டிலும் ஊறிப்போயிருந்த கறுப்பு மட்டும் அசையவில்லை.

“இன்னா மையோ கருமமோ, போவ மாட்டேங்குதே. பூவும் பொட்டுமா போறவ, கையில கரியோடவா போவறது? யாராச்சும் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டாங்கம்மா.”

“தேய்க்காதீங்க அத்தை” என்றாள் சந்திரகலா.

“நீ தள்ளி நில்லு. கிட்ட நின்னு அழுதினா தண்ணி ஊத்த முடியாது.”

“நான் அழல. தேய்க்காதீங்கன்னு சொல்றேன்.”

“ஏன்டி, செத்தவளுக்கு வலிக்குமா?”

“எங்கம்மா கையை விடுங்கன்னா விடுங்க!”

கிணற்றடியில் மறைப்பாகப் புடவை பிடித்திருந்த பெண்களில் ஒருத்தியின் கை தளர்ந்து ஒரு பக்கம் சரிந்தது. ராணியம்மாள் நாரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். முருகையனின் அக்கா அவள். இந்த வீட்டில் அவளிடம் யாரும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. “பெத்தவ போன துக்கம், விடுங்க” என்று யாரோ சமாதானம் சொன்னார்கள்.

துக்கமாவது மண்ணாங்கட்டியாவது. நேற்றுச் சாயங்காலம் ஐந்தேகாலிலிருந்து சந்திரகலாவுக்குள் இருப்பது கோபம் ஒன்றுதான். வாசலில் பச்சை மூங்கிலைப் போட்டு டமார் டமாரென்று பிளக்கிற ஆள்மேல் கோபம். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருக்கிற பழக்கத்தில் பிணத்தைக் குளிப்பாட்டுவதற்கும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற அப்பா முருகையன்மேல் கோபம். இருபத்தேழு வயசுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாயே என்று ஒப்பாரியில் இழுத்து இழுத்துப் பாடின பக்கத்து வீட்டு சரோஜாமேல் கோபம். நாற்பத்தாறு வயசில், கையில் பேனாவோடு, ஒரு வார்த்தை சொல்லாமல் சுவரில் சாய்ந்துவிட்ட அம்மா ரேணுகாம்பாள்மேலும் கோபம்.

“அந்தக் கறுப்பு இருக்கட்டும்” என்றாள். இந்தத் தடவை மெதுவாகத்தான் சொன்னாள்.

ராணியம்மாள் நாரைத் தூக்கி வேலியோரம் எறிந்தாள். “இருக்கட்டும் தாயி. எமன் கேட்டா நீயே வந்து பதில் சொல்லு.”

நேற்றும் வழக்கம்போலத்தான் கல்லூரியிலிருந்து வந்தாள். கோயிலின் பே கோபுரத்துப் பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி, சந்துக்குள் நடந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளறை ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மடியில் பலகை, பலகைமேல் கெட்டித் தாள். பக்கத்தில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் செருகியிருந்த ஆடுதின்னாப்பாளைக் கொடி. ரேணுகாம்பாள் நிமிராமலே கேட்டாள்.

“சார் இன்னா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணுமேவா?”

“அதான் சொல்றேனே, ஒண்ணும் சொல்லலன்னு. வந்ததும் வராததுமா உயிரை வாங்காதம்மா. காப்பி இருக்குதா?”

“அடுப்பு மேல இருக்குது பாரு.”

அவ்வளவுதான் பேச்சு. காப்பியைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. தெருக்கோடி டாக்டர் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, முருகையனின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மார்வலி என்றார்.

அந்த ‘ஒண்ணும் சொல்லல’ பச்சைப் பொய். நேற்று மதியம் மூன்று மணிக்குக் கல்லூரியில், அவளைப் போலவே செய்முறை வகுப்பு நடத்துகிற மற்ற இரண்டு டெமான்ஸ்ட்ரேட்டர்களும் பார்த்துக்கொண்டிருக்க, இராமலிங்கம் சார் வேலூர் அச்சகத்திலிருந்து வந்த புரூஃப் தாள்களை அவள் மேஜைமேல் விரித்துப்போட்டு, “இந்தக் கைக்கு வளையல் பண்ணிப் போடணும்மா” என்றார். முதல் தாளில் ‘மலையடிவாரச் செடிகள்’ என்று கொட்டை எழுத்து. கீழே சாரின் பெயர். அதற்கும் கீழே, ‘படங்கள்: செல்வி மு. சந்திரகலா, பி.எஸ்ஸி.’

நூற்றிருபது படங்கள். அதில் ஒரு கோடுகூட அவள் போட்டது கிடையாது.

எழுபத்துநாலில் அவள் தாவரவியல் முதல் வருஷம் சேர்ந்தபோது ஆரம்பித்த வினை இது. வாரம் ஒரு செடியைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் படம் போட்டு ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இராமலிங்கம் சார் அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தார். முப்பது வயசுகூட இருக்காது. மூக்குக்கு மேல் கோபம். சந்திரகலா போட்ட ஊமத்தைப் பூவைப் பார்த்து, “இது பூவா, மண்ணெண்ணெய் ஊத்தற புனலா?” என்று கேட்டு நோட்டை ஜன்னலுக்கு வெளியே விட்டெறிந்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

“இங்க குடு, நான் போட்டுப் பாக்கறேன்” என்றாள் அம்மா, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே.

ரேணுகாம்பாள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தினமும் காலையில் வாசலில் குனிந்து நாலு இழுப்பில் கோலத்தை முடித்துவிட்டு நிமிர்கிற கை. அவள் போட்ட ஊமத்தை பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வலது பக்கமும் இடது பக்கமும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டன. எந்தக் கோடும் பாதியில் நிற்காமல் சுற்றிவந்து மூடிக்கொண்டது. அதற்கு அடுத்த வாரம் சிவப்பு மையில் வந்த பதில்: ‘இது செடி, கோலம் இல்லை. ஊமத்தை இலையின் அடி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. போய்ப் பார்.’

சந்திரகலா அதைப் படித்துவிட்டு நோட்டை மூலையில் எறிந்தாள். அம்மா அதை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்து, அடுப்பை அணைத்துவிட்டு மலைப் பக்கம் போனாள். அரைமணி கழித்து ஒரு இலையோடு வந்து அதை மகளின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“அந்த வாத்தியாரு சொல்றது நெசம்டி. ஒரு பக்கம் மேல ஏறி ஒட்டுது, ஒரு பக்கம் கீழ எறங்கி ஒட்டுது. இத்தினி வருசமா கண்ணு அவிஞ்சு கெடந்திருக்கேன் பாரு.”

அன்றைக்குப் பிடித்ததுதான். முருகையன் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொண்டுவரும் பழைய டைம் ஷீட்டுகளின் முதுகில் ஒரே இலையை முப்பது தடவை போட்டாள். முப்பதாவதை நல்ல தாளில் போட்டு மகளிடம் கொடுத்தனுப்பினாள். திரும்பி வரும்போது சிவப்பு மை இருக்கும். ‘தும்பைக்குத் தண்டு சதுரம். உருண்டையாகப் போட்டிருக்கிறாய். விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்.’ அம்மா உருட்டிப் பார்த்தாள். ‘நாயுருவிக்குக் காய் கீழ்நோக்கி இருக்கும்.’ பார்த்தாள். பூச்சி அரித்த இலைகளை மட்டும் ரொம்ப நாள் முழு இலையாகவே போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டால், “விருந்தாளிக்குக் கிழிஞ்ச எலையா போடுவாங்க?” என்பாள். அதற்கும் வந்தது சிவப்பு மை: ‘கடித்திருந்தால் கடித்ததைப் போடு. நீ செடிக்கு வைத்தியர் இல்லை.’ அதைப் படித்துவிட்டு ரேணுகாம்பாள் தனியாக உட்கார்ந்து சிரித்ததை சந்திரகலா பார்த்திருக்கிறாள்.

சாருக்கு ஒரு வழக்கம் உண்டு, கல்லூரி முழுக்கத் தெரிந்தது. சரியாக இருப்பதைப் பற்றித் தாளில் ஒரு எழுத்து எழுத மாட்டார். ஒரு டிக்கூடப் போட மாட்டார். “சரியா இருக்கறதுல எனக்கு என்ன வேலை? தப்பைச் சொன்னாத்தான் கை வளரும்” என்பார். பாராட்டு எல்லாம் வாயோடு. இரண்டாம் வருஷத்திலிருந்தே அந்த வாய் ஓயவில்லை. இந்தக் கோட்டைப் பாரு, இந்த மொட்டைப் பாரு, எங்கம்மா கத்துக்கிட்ட இதை? அதெல்லாம் சந்திரகலாவுக்கு. தாள் மட்டும் அம்மாவுக்கு.

செய்முறைத் தேர்வில் அவள் கிறுக்கி வைத்ததைப் பார்த்து, “பரீட்சைன்னா கை நடுங்குது பொண்ணுக்கு” என்று அவரே காரணமும் கண்டுபிடித்தார். படிப்பு முடிந்ததும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு அவர்தான் சிபாரிசு செய்தார். புத்தகம் போட வேண்டும், படம் போட ஆள் வேண்டும். வீட்டில் அமைதியாக உட்கார்ந்தால்தான் வரும் சார் என்றாள் இவள். சரி என்றார். ஏழு வருஷமாக வீட்டில் அமைதியாக உட்கார்ந்தது யார் என்று அவர் கேட்கவில்லை.

பொய் சொன்னதைக்கூட விடலாம். பெற்றவள் பிள்ளைக்கு உதவினாள், ஊரில் நடக்காததா. தினமும் சாயங்காலம் அம்மா கேட்பாள், சார் இன்னா சொன்னாரு. ‘நல்லா இருக்குதுன்னு சொன்னாரும்மா.’ மூன்று வார்த்தை. அந்த மூன்று வார்த்தையை இந்தப் பத்து வருஷத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. முதலில், சொன்னால் அம்மா அலட்சியமாகப் போடுவாள் என்று நினைத்தாள். அப்புறம் அந்தக் காரணமும் இல்லை. கேட்டுக் கேட்டு அந்தப் பாராட்டு தன்னுடையதே என்று ஆகிவிட்டது. தனக்கு வந்ததை எதற்குப் பங்கு போட வேண்டும்? இதை நினைக்க நினைக்க சந்திரகலாவுக்கு எதையாவது போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் இராமலிங்கம் சார் வந்தார். கையில் சம்பங்கி மாலை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, பெஞ்சில் கிடத்தியிருந்த உடம்பின்மேல் மாலையை வைத்து, கையெடுத்துக் கும்பிட்டார். கைகள் மாலைகளுக்குள் புதைந்திருந்தன. விரல்கள் வெளியே தெரியவில்லை. நாற்பதாகிவிட்டது அவருக்கு, காதோரம் நரை. இறந்தவளை அவர் இதற்குமுன் பார்த்ததே இல்லை.

“தைரியமா இரும்மா” என்றார் சந்திரகலாவிடம். “அவங்க குடுத்து வெச்சவங்க. இப்படி ஒரு கை உள்ள பொண்ணைப் பெத்துட்டுத்தான் போயிருக்காங்க.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவர் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

“நான் வர்ற வழியில ஒண்ணு யோசிச்சேன். புஸ்தகத்துல முதல் பக்கம் காலியாத்தானே இருக்குது. ‘சந்திரகலாவின் தாயார் ரேணுகாம்பாள் அவர்களுக்கு’ன்னு சமர்ப்பணம் போட்டுடலாம். இன்னிக்குச் சாயங்காலமே வேலூருக்குப் போன் பண்ணிடறேன். என்ன சொல்றே?”

“செய்யுங்க சார்” என்று, அவள் வாய் திறப்பதற்குள் முருகையன் சொன்னார். “அவளுக்குப் படம்னா உசுரு சார்.”

சொல்லிவிட்டு உள்ளே போனவர் ஒரு மூட்டையோடு வந்தார். ரேணுகாம்பாளின் பழைய புடவைக் கரையால் கட்டிய நாற்பது பக்க நோட்டுகள், பதினேழோ பதினெட்டோ இருக்கும். மேலே நேற்றைய கெட்டித் தாள், கசங்காமல்.

“இதைக் கால்மாட்டுல வெச்சிடறேன் சந்திரா. குழியில கூடவே போட்டுடலாம்” என்றார். அவர்கள் வகையறாவில் அது வழக்கம். செத்தவர் எதில் ஆசை வைத்திருந்தாரோ அது கூடவே போகும். “எங்கம்மாவுக்குப் பொடி டப்பா வெச்சோம். உங்கம்மாவுக்கு வேற இன்னா இருக்குது? பொழுதன்னிக்கும் இதுலதானே எதையோ எழுதிக்கினு இருப்பா. நான் ஒருநாள்கூட பிரிச்சுப் பாத்ததில்ல.”

“நைனா” என்று கூப்பிட்டாள் சந்திரகலா.

“இன்னாம்மா?”

அவள் மூட்டையைப் பார்த்தாள். முருகையன் கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டு பத்துக்கு எடுத்துடலாம். அதுக்கப்புறம் நேரம் சரியில்லையாம்.”

எவ்வளவு சௌகரியமாகப் போய்விட்டது எல்லாம்! அம்மாவின் கைபட்ட நோட்டுகள் எல்லாம் ஆறடிக்குக் கீழே. வேலை பத்திரம். புத்தகத்தில் பெயர் பத்திரம். சமர்ப்பணம் வேறு, படிக்கிறவர்கள், பார், தாய்மேல் எவ்வளவு பாசம் என்பார்கள். இனிமேல் போட ஆளில்லை, அதற்கும் காரணம் ரெடி: அம்மா போனதிலிருந்து கை ஓடவில்லை சார். சாரே அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார். ‘சொல்லு, இப்பவே சொல்லு’ என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் போய் ஊதுவத்தியை மாற்றி வைத்தாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பிறந்த வீட்டுக் கோடித் துணியை அம்மாவின் தம்பி சின்னசாமி கொண்டுவந்து போர்த்தினார். வாய்க்கரிசி போட்டார்கள். இரண்டு பத்துக்குச் சங்கு ஊதியது, மேளம் எழுந்தது, சின்னசாமி முன்பக்கம் தோள் கொடுக்கப் பாடை கிளம்பியது. பெண்கள் தலையை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். சந்திரகலா ஓடவில்லை, நடந்தாள். கால்மாட்டில் அந்த மூட்டை ஒவ்வொரு அடிக்கும் குலுங்கிக்கொண்டு போனது.

தெருமுனை முச்சந்தியில் பாடையை ஒருமுறை இறக்குவார்கள். தலைமாட்டையும் கால்மாட்டையும் திசை மாற்றி மறுபடி தூக்குவார்கள். பெண்கள் அதோடு சரி. அங்கிருந்து இடுகாடு வரைக்கும் ஆண்கள்தான். இறக்கினார்கள். மேளம் நின்றது. ஆட்கள் இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். சந்திரகலா விறுவிறுவென்று போய்க் குனிந்து மூட்டையைத் தூக்கினாள்.

“இன்னாம்மா பண்ற?” என்று அலறினார் சின்னசாமி. “பாடையில வெச்சதைத் திரும்பி எடுக்கக்கூடாது! கீழ வை!”

“எடுப்பேன் மாமா.”

“அடிப்பாவி, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?” இது ராணியம்மாள்.

சந்திரகலா யாரையும் பார்க்கவில்லை. ஆண்கள் கூட்டத்துக்குள் நுழைந்து, ஓரமாக நின்றிருந்த இராமலிங்கம் சாரிடம் போய், மூட்டையை அவர் நெஞ்சோடு திணித்தாள்.

“இது எங்கம்மா சார். நான் இல்ல.”

“என்னம்மா சொல்றே?”

“படம் போட்டது எங்கம்மா. ஊமத்தையிலேர்ந்து எல்லாம். காலேஜ்ல குடுத்த ரெக்கார்டும் எங்கம்மா போட்டது, புஸ்தகத்துல இருக்கறதும் எங்கம்மா போட்டது. நூத்தியிருபதும். நான் ஒரு எலைகூட போட்டதில்ல. எனக்குப் போட வராது. மொத நாள் புனல்னு சொன்னீங்க இல்ல, இன்னைக்கும் எனக்குப் புனல்தான் வரும்!”

அவள் கத்தியது தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டது. முருகையன் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அது எனக்குத் தெரியுமே சார். பாப்பாவுக்கு அவதான் போட்டுக் குடுப்பா. அதுக்கு இன்னா இப்போ?” என்றார்.

சார் புடவைக் கரையை அவிழ்த்தார். மேலே இருந்த கெட்டித் தாளை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு முதல் நோட்டைப் பிரித்தார். பென்சிலில் கோணல்மாணலான எழுத்து. அவர் எழுதினதை எல்லாம் அப்படியே காப்பி பண்ணி, அதற்குக் கீழே ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியிருந்தாள் ரேணுகாம்பாள். அவர் உதடு அசைய அசையப் படித்தார்.

‘சார்: இது செடி கோலம் இல்லை. போய்ப் பார். நான்: போயி பாத்தேன். ஆமா.’

‘சார்: தும்பைக்குத் தண்டு சதுரம். நான்: உருட்டுனேன். நாலு பக்கமும் கையில தட்டுது. சின்ன வயசுலேந்து புள்ளையாருக்குப் பறிக்கிறேன் இது தெரியல. வெக்கமா இருக்குது சார்.’

‘சார்: காய் கீழ்நோக்கி. நான்: பொடவையில ஒட்டிக்கினு வந்ததைப் பாத்து போட்டேன். அதான் தலைகீழா போச்சு. செடியில பாத்து மறுபடி போட்டேன்.’

நோட்டு நோட்டாகப் புரட்டினார். பொறுமையில்லாமல் மேளக்காரர்கள் கூட எட்டிப் பார்த்தார்கள். கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தில் நேற்றைய தேதி போட்டிருந்தது.

‘ஆடுதின்னாப்பாளை. நாலாவது தடவை. பூச்சி கடிச்சதைக் கடிச்ச மாதிரியே போட்டேன். பத்து வருசம் ஆவுது. இதுக்காச்சும் சரின்னு ஒரு டிக்கு போடுவாரா பாக்கணும்.’

சார் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு பாடையைப் பார்த்தார். இறக்கி வைத்ததில் மாலைகள் சரிந்து வலது கை வெளியே வந்திருந்தது. மஞ்சள் பூசிய கையில் மூன்று விரல்கள் மட்டும் கறுப்பு.

“நான் டிக் போட்டதே இல்லையா?” என்று கேட்டார்.

“இல்ல சார். தப்பைத்தான் எழுதுவீங்க.”

“வாயால சொல்லியிருக்கேனே. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.”

“சொன்னீங்க.”

“உன்கிட்ட.”

“என்கிட்டதான் சார்.”

“நீ வீட்ல போயி...”

“சொல்லல.”

“ஒரு தடவைகூடவா?”

“ஒரு தடவைகூட சொல்லல சார். நேத்து வளையல் போடணும்னு சொன்னீங்களே, அதைக்கூட சொல்லல. கேட்டாங்க. ஒண்ணும் சொல்லலன்னு சொன்னேன். அப்புறம்தான் செத்துப்போனாங்க.”

அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. நோட்டை ஜன்னல் வழியாக எறிந்த பழைய முகம். இப்போது அறைவார் என்று சந்திரகலா நினைத்தாள். அறையட்டும் என்று முகத்தை நிமிர்த்திக்கூடக் காட்டினாள். இத்தனை பேர் நடுவில் அறை வாங்கினால் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

அவர் அறையவில்லை. திட்டவும் இல்லை. அவளை அங்கே இல்லாதவள் மாதிரி விலக்கிக்கொண்டு நடந்து, பாடைக்குப் பக்கத்தில் புழுதியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி மண்ணில் புரண்டது. நோட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கெட்டித் தாளை முழங்கால்மேல் வைத்தார். கொடியில் ஏழு இலைகள். மூன்றாவது இலை ஓரம் முழுக்கப் பூச்சி அரித்திருந்தது. அரித்த விளிம்பில் கோடு எங்கும் வந்து மூடவில்லை, அப்படியே திறந்து கிடந்தது. ஒவ்வொரு இலையாக, பூவாக, காம்பாக அவர் பார்த்தார். வகுப்பில் எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் பார்த்தார், தப்பு தேடி.

“சார், நேரம்...” என்று முருகையன் ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கடிகாரக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

இராமலிங்கம் சார் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். சந்திரகலா நின்ற இடத்திலிருந்து தாள் தெரியவில்லை. அவர் முதுகு மறைத்தது. முழங்கை மட்டும் தெரிந்தது. அது ஒரே ஒரு தடவை, சின்னதாக அசைந்தது. பேனாவை மூடினார். மை காயும்வரை வாயால் ஊதினார். தாளை மடிக்காமல் அந்தக் கறுப்பு விரல்களுக்கு அடியில் செருகி, காற்றில் பறக்காமல் இருக்க மாலையை இழுத்து மேலே விட்டார்.

“தூக்குங்க” என்றார்.

மேளம் எழுந்தது. பாடை செங்கம் ரோட்டுப் பக்கம் திரும்பியது. நோட்டு மூட்டையைத் திருப்பிக் கொடுக்காமல், அதை அக்குளில் இடுக்கியபடியே சாரும் ஆண்களோடு நடந்தார். செருப்பை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்; இரண்டு மணி வெயிலில் தார் ரோட்டில் கால் மாற்றி மாற்றி வைத்துப் போவது தெரிந்தது. அவர் ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பெண்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள். யாரும் சந்திரகலாவிடம் பேசவில்லை. சரோஜா மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம், “பத்து வருசமாமே, நெஞ்சழுத்தம் பாரு” என்று காதில் விழும்படியே சொன்னாள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். உள்ளறையைக் கழுவப் போனவள் ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து, “இதைக் கொட்டிடட்டுமா?” என்று கேட்டாள். “கொட்டாத” என்று ராணியம்மாள்தான் சொன்னாள். “இருந்த எடத்துல வை.”

அப்புறம் கிணற்றடி. பாடை போனபின் பெண்கள் எல்லாரும் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். காலையில் உடம்பைக் கிடத்திய பலகை இன்னும் அங்கேதான் சாய்ந்திருந்தது. ராணியம்மாள் தண்ணீர் சேந்தி, சந்திரகலாவை உட்காரவைத்து, தலையில் குடம் குடமாக ஊற்றினாள். வேலியோரம் காலையில் எறிந்த நாரைத் தேடி எடுத்துவந்து, சீயக்காயோடு நீட்டினாள்.

“இந்தா. கையை நல்லா தேச்சுக் கழுவு.”

சந்திரகலா நாரை வாங்கிக்கொண்டு வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலின் பக்கவாட்டு. பளிச்சென்று இருந்தது. தேய்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.